திராசிமாக்கஸை முதலில் வெல்ல விடுங்கள்: கிரேக்கரின் நீதி விவாதத்தை எட்டு ஞாயிறுகளில் வாசிக்கும் முறை

ஏ.எல் வகுப்பில் அரசியல் படித்தவர்களுக்குப் பிளேட்டோ மூன்று வரிக் குறிப்பாகத்தான் நினைவில் நிற்பார். மெய்யியலாளர் ஆள வேண்டும், சமூகம் மூன்று வகுப்பு, நீதி என்றால் அவரவர் வேலையை அவரவர் செய்வது. மூன்றும் சரிதான். ஆனால் அவரின் 'குடியரசு' நூலைத் திறந்தால் அங்கே சோக்கிரட்டீஸுக்கும் பேச்சுக்கலை ஆசிரியன் திராசிமாக்கஸுக்கும் நடப்பது சண்டை: ஆள்பவன் யாருடைய நன்மைக்காக ஆள்கிறான்? அந்தச் சண்டையைக் குறிப்பாகச் சுருக்கினால் சாறு போய்ச் சக்கைதான் மிஞ்சும். ஊர்ச் சனசமூக நிலையத்திலோ ஒரு வீட்டு விறாந்தையிலோ எட்டு ஞாயிறு கூடி, சண்டையைச் சண்டையாகவே வாசிக்கும் வழி இது.

ஆயத்தம்

ஏழு பேரிலிருந்து பத்துப் பேர் வரை நல்ல அளவு. ஐந்து பேரோடு தொடங்கினால் இரண்டு பேர் வராத நாளில் விவாதம் படுத்துவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் பாதிப்பேர் தேத்தண்ணி குடிக்க மட்டும் வருவார்கள். பின்னேரம் 4 மணி முதல் 5.30 வரை போதும். தைப்பொங்கல் கழிந்து தொடங்குவது நல்லது. மாரி மழை ஓய்ந்திருக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள் வைத்தால் கதிரைகள்தான் வாசிக்கும்.

'குடியரசு' நூலை முழுதாக எடுக்காதீர்கள். நல்ல பதிப்புகளில் ஓரத்தில் 327 முதல் 621 வரை ஓர் எண் ஓடும். 1578இல் ஜெனீவாவில் ஸ்டெபானஸ் அச்சிட்ட பதிப்பின் பக்க எண் அது. ஒவ்வொரு பக்கமும் ஏ முதல் ஈ வரை (ஆங்கில A–E) ஐந்து துண்டு. ஒருவர் தமிழ் மொழிபெயர்ப்பும் இன்னொருவர் பழைய ஆங்கிலப் பதிப்பும் கொண்டுவந்தாலும் '338-சீ' என்றால் எல்லாரும் ஒரே வரிக்கு வருவார்கள். ஓர எண் இல்லாத மலிவுப் பதிப்பை வாங்க வேண்டாம். 'எத்தனையாம் பக்கம், எத்தனையாம் பக்கம்' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கால் மணித்தியாலம் போகும்.

போட்டோக்கொப்பி எடுக்க வேண்டிய பகுதிகள்: 327–354, 357–362, 368–372, 412–421, 427–434, 473–474, 484–489, 514–521, 537–541. நூலின் ஏறக்குறைய கால் பங்குதான்.

அடுத்தது சொற்கள். இவற்றைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நூலின் பெயரே முதல் பொறி. இலங்கை 1972இல் ஆனதே, அந்தக் 'குடியரசு' அல்ல இது. கிரேக்கத் தலைப்பான 'பொலிட்டேயா' ஒரு நகரத்தின் ஆட்சி அமைப்பையும் அதன் மக்கள் வாழும் முறையையும் சேர்த்துச் சொல்லும். 'டிக்காயோசூனே' என்பதை நீதி என்கிறோம். உடனே மனம் நீதிமன்றத்துக்குப் போகும். கிரேக்கச் சொல் அதைவிட அகலம், நம் 'அறம்' என்ற சொல்லின் பாதியை அது விழுங்கிவிடும். 'டெக்னே' என்பதைக் கலை என்று பெயர்த்தால் பரதநாட்டியம் வந்து நிற்கும். மருத்துவனுக்கும் மாலுமிக்கும் செருப்புத் தைப்பவருக்கும் பொதுவான தொழிலறிவு அது. 'தொழில்' என்றே வையுங்கள். 'பிளியோனெக்சியா' என்ற சொல்லுக்கு ஒற்றைச் சொல் தேட வேண்டாம். தன் பங்குக்கு மேலே அள்ளுவது என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

நடத்துபவர் ஒரு விதியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: முதல் ஒரு மணித்தியாலத்தில் உயிரோடு இருக்கும் எந்த அரசியல்வாதியின் பெயரும் வாயில் வரக் கூடாது. கடைசி அரை மணித்தியாலத்தில் யாரையும் இழுக்கலாம். இந்த விதி இல்லாத வட்டங்கள் இரண்டாம் கிழமையே தேர்தல் கூட்டமாகிவிடும்.

முதலாம் ஞாயிறு: கெபாலஸும் மகனும்

இருவரையும் ஒரே நாளில் முடியுங்கள். இடம் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ், ஒரு திருவிழா நாள். கிழவர் கெபாலஸ், உண்மை பேசி வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதே நீதி என்கிறார். நண்பனிடம் ஆயுதம் இரவல் வாங்கினாய், அவனுக்குப் புத்தி பேதலித்தது, கேட்கிறான், கொடுப்பாயா? சோக்கிரட்டீஸ் இதைக் கேட்டதும் கிழவர் விவாதத்தை மகன் பொலெமார்க்கஸிடம் விட்டுவிட்டுப் பலிபூசைக்கு எழும்பிப் போகிறார். மகன், நண்பனுக்கு நன்மையும் பகைவனுக்குத் தீமையும் செய்வது நீதி என்கிறான். தீமை செய்தால் ஆள் இன்னும் கெடுவான், நீதியால் ஒருவனை நீதி கெட்டவனாக்க முடியுமா என்ற கேள்வியில் அவனும் விழுகிறான்.

வாசிக்கத் தொடங்கும் முன் ஒரு தகவலைச் சொல்லிவிடுங்கள். கி.மு. 404இல் ஏதென்ஸைப் பிடித்த முப்பது பேர் ஆட்சி இந்தப் பொலெமார்க்கஸை விசாரணை இல்லாமல் நஞ்சு குடிக்க வைத்துக் கொன்றது. வீட்டைச் சூறையாடியபோது அவன் மனைவியின் காதில் கிடந்த தோட்டையும் கழற்றினார்கள் என்று அவன் தம்பி லிசியாஸ் நீதிமன்றில் பேசியது இன்றைக்கும் இருக்கிறது. பிளேட்டோவின் முதல் வாசகர்களுக்கு இது தெரியும். 'பகைவனுக்குத் தீமை செய்' என்பதை அவன் வாயால் கேட்கும்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இதற்கு மேலே நடத்துபவர் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம், மூன்றாம் ஞாயிறு: திராசிமாக்கஸ்

எட்டில் இரண்டை இவனுக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலான வட்டங்கள் சறுக்குவது இங்கேதான். இவனை வில்லனாக வாசித்து, சோக்கிரட்டீஸ் மடக்கினார், நல்லது வென்றது என்று கை தட்டிவிட்டுப் போகிறார்கள். 'குடியரசு' பத்துப் பாகம், ஒவ்வொன்றையும் 'நூல்' என்பார்கள்; இவன் வருவது முதலாம் நூலில். பிறகு மிச்ச ஒன்பது நூலும் எதற்கு என்றே விளங்காது. பிளேட்டோ ஒன்பது நூல் எழுதியதே இவனுக்குப் பதில் இன்னும் சொல்லி முடியவில்லை என்பதால்தான்.

குரல்களைப் பங்கிட்டுச் சத்தமாக வாசியுங்கள். திராசிமாக்கஸுக்கு நல்ல தொண்டை உள்ளவரைப் போடுங்கள். காட்டு விலங்கு போலப் பாய்ந்து வருகிறான், பதில் சொல்லக் காசு கேட்கிறான். கரும்பலகையில் நாலு நிரல் கீறுங்கள்: யார், என்ன சொன்னார், எதிர்க்கேள்வி, அதனால் என்ன மாறியது. ஒவ்வொரு கூற்றையும் ஒரே வசனத்தில், நம் தமிழில் எழுத வேண்டும். புத்தக வசனத்தை அப்படியே இறக்கினால் யாருக்கும் விளங்கவில்லை என்பது வெளியே தெரியாது.

338-சீயில் கூற்று வருகிறது: நீதி என்பது வலியவனின் நன்மை. சோக்கிரட்டீஸ் பகிடியாகக் கேட்கிறார்: மல்லன் பொலிடாமஸ் நம்மைவிட வலியவன், அவன் உடம்புக்கு மாட்டிறைச்சி நல்லது, அப்படியென்றால் நமக்கும் அது நீதியா? சிரித்துவிட்டு நகருங்கள். உண்மையான விளக்கம் 338-ஈயில்: எந்த ஆட்சியும் தனக்கு வசதியான சட்டத்தைப் போட்டு, அதற்குக் கீழ்ப்படிவதை நீதி என்று பெயரிடுகிறது.

முதல் அடி 339-சீ. ஆள்பவன் பிழை விடுவானா? விடுவான். அப்படியானால் தனக்கே கெடுதியான சட்டத்தையும் போடுவான். அதற்குக் கீழ்ப்படிவது அவன் நன்மைக்கு எதிர். இங்கே கிளிட்டோபோன் என்றொருவன் குறுக்கே வந்து தப்ப வழி காட்டுகிறான்: தன் நன்மை என்று வலியவன் *நினைப்பதே* நீதி என்று வைத்துக்கொள்ளலாமே. திராசிமாக்கஸ் அந்தக் கதவால் போகவில்லை. ஏன் என்று பத்து நிமிடம் கதையுங்கள். அவன் எடுத்த வழி வேறு: பிழை விடும் கணத்தில் மருத்துவன் மருத்துவனே அல்ல, கணக்கில் பிழைக்கும் கணத்தில் கணக்காளன் கணக்காளனே அல்ல. கறாரான பொருளில் ஆள்பவன் பிழைக்கவே மாட்டான். கெட்டித்தனம்தான். ஆனால் ஆட்சியை ஒரு தொழில் என்று இப்போது அவனே ஒப்புக்கொண்டாயிற்று.

அந்தச் சொல்லைத்தான் சோக்கிரட்டீஸ் பிடிக்கிறார். கறாரான மருத்துவன் பார்ப்பது நோயாளியின் நன்மை, கறாரான மாலுமி பார்ப்பது கப்பலில் உள்ளவர்களின் நன்மை; எனவே கறாரான ஆள்பவன் பார்ப்பது ஆளப்படுபவரின் நன்மை. இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குருநகரிலோ பருத்தித்துறையிலோ இருந்து வந்தவர் ஒருவர் இருந்தால் உடனே கேட்பார்: மீன்பிடியும் தொழில்தானே, அது மீனின் நன்மையையா பார்க்கிறது? யாரும் கேட்காவிட்டால் நடத்துபவர் கேட்க வேண்டும். திராசிமாக்கஸின் பதிலும் ஏறக்குறைய இதுதான் (343-பீ): மேய்ப்பன் ஆட்டைக் கொழுக்க வைப்பது ஆட்டுக்காகவா?

அதைத் தொடர்ந்து வரும் 343-டீ, ஈ பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். கூட்டு வியாபாரத்தைப் பிரிக்கும்போது நேர்மையானவனுக்குக் கையில் குறைவாகவே வரும். ஒரே சொத்துக்கு அவன் கூட வரி கட்டுவான். பதவிக்கு வந்தால் சொந்த வேலை கவனிப்பாரற்றுக் கெடும், பொதுப் பணத்தில் ஒரு சதமும் எடுக்க மாட்டான், முறைகேடாக உதவ மறுப்பதால் சொந்தக்காரரும் பகைப்பார்கள். கோயில் பரிபாலன சபையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பொருளாளராக இருந்த ஒருவர் வட்டத்தில் இருந்தால் இந்த வரிகளை அவரிடமே வாசிக்கக் கொடுங்கள்.

சோக்கிரட்டீஸின் மறுமொழி 345 முதல் 347 வரை: சம்பளம் வாங்குவது வேறு தொழில், மருத்துவம் வேறு தொழில், இரண்டையும் ஒரே ஆள் செய்கிறான், அவ்வளவுதான். தன் தொழிலால் தனக்கு நன்மை இல்லாதபடியால்தான் யாரும் சும்மா ஆள வருவதில்லை. காசு, புகழ், தண்டனை, இவற்றில் ஒன்று வேண்டும். நல்லவனுக்கான தண்டனை எது? தன்னிலும் கெட்டவனால் ஆளப்படுவது (347-சீ). எட்டுக் கிழமையில் மனப்பாடம் செய்யத் தக்க ஒரு வரி கேட்டால் இதைத்தான் காட்டலாம்.

மூன்றாம் ஞாயிறுக்கு வீட்டு வேலை: ஒவ்வொருவரும் திராசிமாக்கஸின் பக்கம் நின்று ஒரு கொப்பிப் பக்கம். வழக்காடு மன்றப் பழக்கம் நமக்கு இரத்தத்தில் ஊறியது. நடுவர் தீர்ப்பை எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 350-டீயில் திராசிமாக்கஸ் வியர்த்து வழிந்து முகம் சிவக்கிறான். கோடை காலம் என்று பிளேட்டோ ஒரு சாட்டும் சேர்க்கிறார். முதலாம் நூலின் கடைசிப் பக்கத்தில் சோக்கிரட்டீஸ் தானே ஒத்துக்கொள்கிறார்: பந்தியில் வரும் ஒவ்வொரு பதார்த்தத்தையும் முந்தியதை ருசித்து முடிக்குமுன் பறித்துத் தின்னும் பெருந்தீனிக்காரன் போல நடந்துகொண்டேன், நீதி என்றால் என்ன என்று இன்னும் எனக்குத் தெரியாது.

நாலாம் ஞாயிறு

விரைவாகப் போகலாம். பிளேட்டோவின் சகோதரன் கிளௌக்கன் திராசிமாக்கஸின் வழக்கை இன்னும் நன்றாகக் கட்டிக் கொடுக்கிறான். போட்டால் ஆள் மறையும் மோதிரம் இருந்தால் நேர்மையானவன் என்ன செய்வான் என்ற கதை அதில் வருகிறது. சோக்கிரட்டீஸ், சிறிய எழுத்தை வாசிக்கக் கஷ்டம், அதே சொல் பெரிய எழுத்தில் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம் என்று மனிதனை விட்டு நகரத்துக்குப் போகிறார் (368-டீ). நகரம் உவமைதான் என்பதை மறந்தால் பின்னால் வருவதெல்லாம் நகரசபைத் திட்டமாகத் தெரியும். உவமை என்று மட்டும் பிடித்தாலும் பிழைக்கும், ஏனென்றால் பிளேட்டோ விபரங்களை விளையாட்டுக்கு எழுதவில்லை.

ஐந்தாம் ஞாயிறு: ஆள்பவரின் வீடு

416–417 பகுதியில் காவலர்களுக்கான, அதாவது ஆள்பவருக்கும் அவர்களுக்குத் துணையான படையினருக்குமான விதிகள் உள்ளன. அத்தியாவசியத்துக்கு மேல் சொந்தச் சொத்து இல்லை. யாரும் நினைத்த நேரம் நுழைய முடியாத வீடோ களஞ்சியமோ இல்லை. பொதுச் சாப்பாடு. சம்பளம் ஒரு வருடத்துக்குப் போதுமானது. மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது. பொன், வெள்ளியைத் தொடுவதோ அவை இருக்கும் கூரைக்குக் கீழ் நிற்பதோ கூடாது. காரணத்தையும் அவரே சொல்கிறார்: காணியும் வீடும் காசும் வந்தால் காவலன் வீட்டுக்காரனும் கமக்காரனும் ஆகிவிடுவான், குடிமக்களுக்கு எசமானாவான், வெளிப் பகைவரைவிட உள்ளூர்ச் சனத்துக்குப் பயந்து வாழ்வான். இந்த விதி காவலர்களுக்கு மட்டும். கமக்காரருக்கும் தொழிலாளருக்கும் சொத்து உண்டு. 'பிளேட்டோ எல்லாருடைய சொத்தையும் பறிக்கச் சொன்னார்' என்று ஒருவராவது சொல்வார். பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

இந்தக் கிழமை சாதிப் பேச்சு வந்தே தீரும், வரட்டும். பொன், வெள்ளி, இரும்பு, வெண்கலம் கலந்து மனிதர் பிறந்தார்கள் என்ற கதை 414–415இல் உள்ளது. இதைச் சாதி என்று சொல்லிவிட்டுப் போக முடியாது: பொன் பெற்றோருக்கு வெண்கலப் பிள்ளை பிறந்தால் இரக்கமின்றிக் கீழே இறக்க வேண்டும், கமக்காரனின் பிள்ளையில் பொன் கண்டால் மேலே ஏற்ற வேண்டும் என்பது அங்கேயே இருக்கிறது. சாதியே இல்லை என்று வெள்ளை பூசவும் முடியாது: அது நகரத்தை நம்பவைக்கத் தெரிந்தே சொல்லும் பொய் என்று சோக்கிரட்டீஸே ஒத்துக்கொள்கிறார். இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆறாம் ஞாயிறு: கப்பல், குகை, 50 வயது

கப்பலோட்டத் தெரியாதவர்கள் சுக்கானுக்கு அடிபடும் கப்பல் உவமை (488) யாருக்கும் விளங்கும். குகைக்குள் கட்டுண்டு நிழலையே உண்மை என்று நம்பியிருந்த ஒருவன் வெளிச்சத்துக்கு ஏறும் கதை அடுத்தது. இந்தக் குகையில்தான் நம் ஆக்கள் வழி மாறுவார்கள். இருட்டு, சங்கிலி, வெளிச்சம் என்றவுடன் ஆணவ மலமும் முத்தியும் நினைவுக்கு வரும். ஒப்பிடலாம், ஆனால் வெளியே ஏறியதோடு நிறுத்தினால் பாதிக் குகைதான். 519-டீயில் ஏறியவனைப் பிளேட்டோ வலுக்கட்டாயமாகத் திரும்ப இறக்குகிறார். காரணம் கடன்: நகரம் உன்னை வளர்த்துப் படிப்பித்தது, உன் முறை வரும்போது இறங்கி வேலை பார்.

அந்த முறை எப்போது வரும் என்று 537–540 கணக்குச் சொல்கிறது. 20 வயது வரை கணிதமும் உடற்பயிற்சியும். 20 முதல் 30 வரை கற்றவற்றைத் தொடர்புபடுத்துதல். 30 முதல் 35 வரை தர்க்கம். பிறகு 15 வருடம் படையிலும் பதவிகளிலும். 50இல்தான் மேல் ஆட்சி, அதுவும் முறை வைத்து. பெண்களுக்கும் இதே கணக்கு (540-சீ). 'மெய்யியல் அரசர்' என்றால் பல்கலைக்கழக விரிவுரையாளர் என்று நினைப்பவர்கள் அந்த 15 வருடத்தைக் கவனிப்பதில்லை.

ஏழாம் ஞாயிறு: கணக்குக் காட்டு

இங்கே 'குடியரசு' நூலை விட்டு, பிளேட்டோ முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' நூலுக்குப் போங்கள். 715-டீ: சட்டம் எசமானாகவும் ஆள்பவர் அதன் அடிமைகளாகவும் இருக்கும் நகரமே தப்பும். நல்ல ஆளைத் தேடிய மனிதர் ஆளைப் பரிசோதிப்பது எப்படி என்று கேட்கத் தொடங்கிவிட்டார். 945 தொடக்கம் பதவி வகித்தவரைப் பரிசோதிப்பவர்கள் வருகிறார்கள். அந்தப் பரிசோதகர் மேலேயும் வழக்குப் போடலாம் என்று 947-ஈ சொல்கிறது.

ஏதென்ஸ் நகரம் நடைமுறையில் செய்ததை இதோடு வைத்து வாசியுங்கள். பதவி ஏற்குமுன் ஒரு விசாரணை: தாய் தகப்பன் யார், அவர்களை நன்றாகப் பார்த்தாயா, வரி கட்டினாயா, படைக்குப் போனாயா. பதவி முடிந்ததும் கணக்கு. அதன்பின் மூன்று நாள் சந்தை நேரத்தில் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருப்பார். முறைப்பாடு உள்ள எவரும் வெள்ளை பூசிய பலகையில் தன் பெயர், எதிராளி பெயர், குற்றம், தகுந்த தண்டம் ஆகியவற்றை எழுதிக் கொடுக்கலாம். அரிஸ்டோட்டில் 'அரசியல்' ஐந்தாம் நூலில் (1309-ஏ; அரிஸ்டோட்டிலுக்கு ஓர எண் முறை வேறு) இன்னும் ஒரு படி போகிறார்: பொதுப் பணத்தை எல்லாக் குடிமக்களுக்கும் முன்னால் கைமாற்ற வேண்டும், கணக்குப் பிரதிகளைப் பல குழுக்களிடம் வைக்க வேண்டும்.

இந்தக் கிழமைக்குப் பயிற்சி: உங்கள் சனசமூக நிலையத்தின் யாப்பை எடுத்து, கணக்கு யாருக்கு, எத்தனை நாளுக்குள், எங்கே காட்டப்படும் என்ற மூன்று கேள்விக்கும் விடை எழுதுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் கடகடவென்று வாசித்து, மற்றவர் ஆமோதித்து, மூன்று நிமிடத்தில் முடிவதற்கும் பிரதி கையில் கிடைப்பதற்கும் உள்ள தூரம் தானாகத் தெரியும்.

எட்டாம் ஞாயிறு: பங்குக் கிணறு

அரிஸ்டோட்டிலின் அறவியல் ஐந்தாம் நூலைக் கணக்குப் போட்டுத்தான் விளங்க வேண்டும். ஒரு பங்குக் கிணறு, மூன்று சொந்தக்காரர், இறைப்பு முறைக்கு 12 மணித்தியாலம். முதலாமவருக்கு 6 பரப்புத் தோட்டம், இரண்டாமவருக்கு 4, மூன்றாமவருக்கு 2. காணி அளவில் பிரித்தால் 6, 4, 2 மணித்தியாலம். தலைக்குச் சமமாகப் பிரித்தால் 4, 4, 4. கிணற்றை ஆழமாக்கிய செலவில் முதல் இருவரும் தலா 30,000 ரூபாயும் மூன்றாமவர் 60,000 ரூபாயும் போட்டார்கள் என்றால், செலவின்படி 3, 3, 6. மூன்று கணக்கிலும் விகிதம் பிசகவில்லை. பங்கீட்டு நீதி என்றால் விகிதம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போவார்கள், எந்த அளவுகோல் என்பதில்தான் சண்டை என்று அரிஸ்டோட்டில் சொல்வது இதைத்தான். சனநாயகவாதி சுதந்திரப் பிறப்பைக் காட்டுவான், பணக்காரர் ஆட்சியை விரும்புபவன் சொத்தைக் காட்டுவான், வேறொருவன் தகுதியைக் காட்டுவான். வட்டத்தை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு அளவுகோலுக்கு வாதாட விடுங்கள்.

அடுத்தது திருத்தும் நீதி. 4, 4, 4 என்று முடிவாயிற்று. இரண்டாமவர் மூன்றாமவரின் முறையில் ஒரு மணித்தியாலம் களவாக இறைத்துவிட்டார். இப்போது 5, 3. வித்தியாசம் 2 என்பதால் பலர் 2 மணித்தியாலம் திருப்பச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் 3, 5 ஆகி அநியாயம் பக்கம் மாறும். நடுவிலிருந்து மிஞ்சிய 1 மட்டும் திரும்ப வேண்டும். இரண்டாமவர் நல்ல மனிதரா, மூன்றாமவர் ஊரில் கெட்ட பெயர் எடுத்தவரா என்பதை நீதிபதி பார்ப்பதில்லை. மேலதிகத் தண்டம் போடலாமா என்பது வேறு கேள்வி, அதை இந்தக் கணக்கோடு கலக்காதீர்கள்.

மூன்றாவது, விதி வளையும் இடம். முறைக்கு வராதவர் முறையை இழப்பார் என்பது விதி. ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார், வரவில்லை. விதியைப் போட்டவர் இப்போது இங்கே நின்றால் என்ன சொல்வார் என்று கேள் என்கிறார் அரிஸ்டோட்டில். லெஸ்போஸ் தீவின் கட்டட வேலையில் கல்லின் வளைவுக்கு ஏற்ப வளையும் ஈயத்து அளவுகோலை உவமை காட்டுகிறார் (1137-பீ). நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் மதில் கட்டும் மேசனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நேரம் மிஞ்சினால் 'அரசியல்' மூன்றாம் நூலில் 1279-ஏயை வாசியுங்கள். முன்பு முறை வைத்து ஆண்டார்கள், தங்கள் முறை முடிந்ததும் மற்றவர் தங்கள் நன்மையைப் பார்ப்பார் என்று விட்டார்கள். இப்போது பொதுச் சொத்தில் வரும் இலாபத்துக்காகப் பதவியை விடாமல் பிடிக்கிறார்கள், ஏதோ நோயாளிகள் போலவும் பதவியில் இருந்தால்தான் சுகம் வரும் போலவும். பெயர் சொல்லத் தடைசெய்த விதி அன்றைக்குத் தளர்ந்தால் பரவாயில்லை.

இன்னும் நாலு ஞாயிறு கூட விரும்பினால் 'கோர்கியாஸ்' எடுங்கள், 481ஆம் பக்கத்திலிருந்து. அங்கே கல்லிக்ளீஸ் என்றொருவன் வருகிறான். திராசிமாக்கஸ் சொன்னதையே இன்னும் துணிந்து சொல்வான், இலேசில் முகம் சிவக்க மாட்டான். அவன் பகுதியை வாசிக்கப் போகிறவருக்கு ஒரு கிழமை முன்னதாகவே பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.